நாலாவது ப்ரோகிராம்

"நல்லாத்தாம்மே இருக்குது, நீ சும்மா…"

"இன்னா நல்லா இருக்குது? பத்து வாட்டி கூப்பிட்டா ஒரு வாட்டி திரும்பறியா?"

"திரும்பறனே…"

"கொசு கடிச்சா திரும்பற. நான் கூப்பிட்டு இல்ல. கழட்டுய்யா, குடுத்துட்டுப் போலாம்."

துரைக்கண்ணு காதைக் கையால் பொத்திக்கொண்டார். காதை அல்ல, காதுக்குப் பின்னால் இருந்த மிஷினை.

காந்தி ரோட்டில், மாடிமேல் இருந்த காது மிஷின் கடை அது. ஒரு மாதம் போட்டுப் பார்த்து, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். இன்றோடு மாதம் முடிகிறது. ஜெயம்மாள் காலையில் தறியில் உட்காராமலே புருஷனைப் பஸ் ஏற்றிக் கூட்டி வந்துவிட்டாள்.

எதிரே உட்கார்ந்திருந்த ஜாஹ்னவி சென்னையில் இதற்கென்றே படித்துவிட்டு வந்தவள். இந்த மாதிரிச் சண்டைகளை வாரத்துக்கு நாலு பார்க்கிறவள்.

"அம்மா, இது பழைய மாடல் மாதிரி எல்லா சத்தத்தையும் ஒண்ணா ஏத்தாது. டிஜிட்டல். நாலு ப்ரோகிராம் இருக்கு, பட்டனை அமுக்கினா மாறும். முதல்து சாதாரணப் பேச்சுக்கு. ரெண்டாவது, ஐயா நெசவுன்னு சொன்னதால வெச்சேன். தறிச் சத்தம் மாதிரி விடாம வர்றதை அதுவே குறைச்சிடும்."

"குறைச்சிட்டா? தறி எங்க எடக்குப் பண்ணுதுன்னு சத்தத்துலதாம்மா தெரியும். உங்க கம்ப்யூட்டர் வந்து சொல்லுமா?"

"மூணாவது, முன்னாடி இருந்து பேசறவங்க குரலை மட்டும் எடுக்கும். பக்கத்துல, பின்னாடி வர்றது அடங்கிடும்."

"எந்த ஊர்க்காரன் செஞ்சான் இத? அவன் பொண்டாட்டி எதுர நின்னுதான் பேசுவாளாமா?"

கேலிதான். ஆனால் நியாயமான கேள்வி. சேலையின் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓடும் கோர்வைத் தறியில் துரைக்கண்ணுவுக்கு வலப்பக்கம், அதே பலகையில் உட்கார்ந்து, கரைக்கான நாடாவைத் தள்ளிவிடுகிறவள் அவள். காலை ஏழு மணியிலிருந்து அவருடைய வலது காதுக்கு ஒரு முழம் தள்ளி அவள் வாய் ஓயாது. பாவில் குறை, பக்கத்து வீட்டுக்காரி, அரிசியில் கல், செத்துப் பதினோரு வருடமான மாமியார் செய்துவிட்டுப் போன கொடுமைகள். ஒரு மாதமாக இத்தனையும் மிஷினுக்குள் போயும் ஒரு 'உம்' கூடத் திரும்பி வரவில்லை.

"கழட்டிக் கொடுங்கய்யா. எவ்ளோ நேரம் ஓடியிருக்குன்னு உள்ளேயே பதிவாகியிருக்கும். பார்த்துடலாம்."

துரைக்கண்ணுவின் கை காதிலேயே நின்றது. "அதெல்லாம் இன்னாத்துக்கும்மா…"

"குடுய்யா! பயந்துக்கினு."

ஜெயம்மாளே கழற்றி மேசைமேல் வைத்தாள். ஜாஹ்னவி அதில் ஒரு மெல்லிய ஒயரை மாட்டினாள். மிஷின் போனதும் துரைக்கண்ணு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தார். இனி கத்தினால் ஒழிய அவருக்கு ஒன்றும் எட்டாது.

"ஒரு நாளைக்குச் சராசரி இருபத்திரண்டு நிமிஷம்" என்றாள் ஜாஹ்னவி, திரையைப் பார்த்து.

"காலைல மாட்டினா ராத்திரிதான கழட்டறாரு?"

"மாட்டியிருப்பார். பேட்டரி மூடியைத் திறந்து விட்டுட்டா ஆஃப். சும்மா காதுல தொங்கிட்டிருக்கும்."

ஒரு மாதமாகத் தான் பேசியது ஒரு பிளாஸ்டிக் துண்டோடு என்பது ஜெயம்மாளுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உறைத்ததும் கோபத்துக்கு முன்னால் வெற்றிதான் வந்தது.

"பாத்தியாம்மா! நான் சொன்னா பொய்யின்னாரு, மிஷினே சொல்லுது. இருபது நிமிஷக் காதுக்கு நாலு ப்ரோகிராம் ஒரு கேடா? நீயே எடுத்துக்கோ."

"ஃபார்ம் தரேன் மா. ஆனா ஒண்ணு. அந்த இருபத்திரண்டு நிமிஷமும் நாலாவது ப்ரோகிராம்லயே இருக்கு. இன்னிக்கு இங்க பேசின கொஞ்ச நேரத்தை விட்டா, மத்த மூணும் பூஜ்யம்."

"அது இன்னா, தூங்கறதுக்கா?"

"டெலிபோனுக்கு. அதுல போட்டா வெளிச் சத்தம் எதுவும் உள்ளே வராது. ரிசீவர்ல பேசறவங்க குரல் மட்டும்தான். ஐயாவுக்கு இருக்கிற காதுக்கு, இது இல்லாம போன்ல ஒரு வார்த்தை கூடப் பிடிக்க முடியாது."

"நல்ல கதை. எங்க வீட்ல போனே இல்ல."



போன் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால், பெற்ற ஒரே பெண் வடிவு, வாலாஜாபாத் யேசுதாஸைக் கட்டிக்கொண்டு போன அன்று ஒயரைப் பிடுங்கிப் போட்டவள் அவள்தான். மகள் பேச்சை எடுத்தால் கிணற்றில் குதிப்பேன் என்றாள். துரைக்கண்ணு எடுக்கவில்லை.

இந்த ஒரு மாதமாகச் சாயங்காலம் ஆறு மணிக்குத் தறியை விட்டு இறங்கி, டீ குடிக்கிறேன் என்று செவிலிமேடு பஸ் ஸ்டாப்புக்குப் போவார். வீட்டில் டீ போட்டுக் கொடுத்தாலும் குடித்துவிட்டுப் போவார். அந்தக் கழுநீர்த் தண்ணியில் என்ன கண்டாரோ என்று அவள் தினமும் ஏசியிருக்கிறாள், அணைத்து வைத்த அந்தக் காதில்.

டீக்கடையை ஒட்டி ஒரு எஸ்.டி.டி. டெலிபோன் பூத் உண்டு.

ஜாஹ்னவி படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினாள். "இங்க ஒரு கையெழுத்து போதும் மா. மிஷினை நாங்க வாங்கிக்கறோம்."

ஜெயம்மாள் பேனாவைத் தொடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த புருஷனின் முதுகை முறைத்தாள்.

கத்தியிருந்தால் அவருக்குக் கேட்டிருக்கும். அவள் கத்தவில்லை.

"அந்தக் கழுதைக்குக் கொழந்த கிழந்த எதுனா பொறந்துச்சாய்யா?"