மடிக்க ஒரு கூடைத் துணி

அலமாரியைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஒரு வாரத் துணி முழுவதும் மடித்து, அடுக்கி, யார் யாருடையது எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தது.

பின்னால் கணவரும் இரண்டு பெண்களும் வாயெல்லாம் பல்லாக நின்றார்கள். வாரம் முழுக்க ஓயாமல் போனில் பேசிவிட்டு வருகிறவள், விடுமுறை நாளிலாவது காலை நீட்டி உட்காரட்டும் என்று மூவரும் கூடிப் பேசி முடிவெடுத்தார்களாம். உட்கார்ந்த இடத்தில் போன் பேசுவதற்கா சம்பளம் என்று நாத்தனார் கேலி செய்கிற வேலை அது. இவர்களாவது அதை வேலை என்று மதித்தார்களே.

இனிமேல் துணி மடிப்பது எங்கள் பொறுப்பு, நீ இந்தப் பக்கமே வரக் கூடாது என்று சின்னவள் சட்டம் போட்டாள்.

ஏதாவது குறை சொல்லலாமா என்று பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. பாவிகள், அவளைவிட நன்றாகவே மடித்திருந்தார்கள்.

சிரித்தாள். மூவரையும் கட்டிக்கொண்டாள். உள்ளுக்குள் அழுகை முட்டியது. வாரம் பூராவும் எதற்காகக் காத்திருந்தாளோ, அதை அன்போடு பிடுங்கிக்கொண்டு நிற்கிறார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஐஸ்கிரீம் வாங்கிவர மூவரும் கிளம்பினார்கள்.

கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டதுதான் தாமதம், மேல்தட்டில் இருந்ததை வாரிக் கட்டிலில் கொட்டினாள். உதறி, கசக்கி, கலைத்துப் போட்டாள். பிறகு சம்மணம் போட்டு உட்கார்ந்து, சின்னவளின் பள்ளிக்கூடச் சட்டையை மடியில் விரித்தாள். சுருக்கத்தைத் தடவித் தடவி மடித்தபோது மனசு லேசானது. வாயில் ஏதோ ஒரு பாட்டுகூட வந்தது.

வண்டிச் சாவியை மறந்துவிட்டுப் போன கணவர், திரும்பி வந்து அறைவாசலில் நிற்பதை அவள் கவனிக்கவே இல்லை.

கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள்.

நாங்கள் மடித்தது பிடிக்கவில்லையா என்று அவர் முகம் சுண்டிப்போய்க் கேட்டார். அதெல்லாம் இல்லை என்றாள். சட்டையை மட்டும் கீழே வைக்கவில்லை.

“அங்க போன் எடுத்தா எல்லாரும் அழறாங்க. ஆம்புலன்ஸ அனுப்பிட்டு அடுத்த போனை எடுத்துடறேன். யார் பொழைச்சாங்க, யார் பொழைக்கலன்னு எனக்குத் தெரியறதே இல்லைங்க. இந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு நாளைக்கு ஒருத்தி பள்ளிக்கூடம் போவா. அது மட்டும் நிச்சயமாத் தெரியும்.”



அவர் ஜன்னலுக்குப் போய், கீழே காத்திருந்த பெண்களிடம் ஐஸ்கிரீமுக்கு இன்னும் நேரமாகும் என்று குரல் கொடுத்தார். பிறகு இரண்டாவது தட்டில் இருந்ததையும் வாரிக்கொண்டு வந்து அவள் முன்னால் கொட்டினார்.

ஜோடி சேர்த்து வைத்திருந்த காலுறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, நன்றாகக் கலந்துவிட்டார்.