டிஸ்க்கில் காலி இடம்

மண்டி மொஹல்லாவில் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்கு ரத்தினசாமி லேப்டாப்போடு வந்தார்.

“சி டிரைவ் ரொம்பிப் போச்சும்மா. ஹார்ட் டிஸ்க்குல பாதி இடம் சும்மாதான் கிடக்கு. அதை சி-யோட சேர்த்துக் கொடு.”

கடைக்காரி அனுப்ரியா டிஸ்க்கைப் பார்த்தாள். பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஆகல்லா சார், முடியாது. அந்த இடம் காலியாவே இருக்கட்டும்.”

“ஏன், சேர்த்தா டிஸ்க் கெட்டுப் போயிடுமா?”

“டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகாது. உங்க குடும்பத்துக்குத்தான் ஆகாது.”

“என்னம்மா உளர்றே? காசு கொடுத்து வாங்கின இடத்தை எந்த முட்டாளாவது சும்மா போட்டு வைப்பானா?”

“எங்கப்பா வச்சிருக்காரு சார். ஈசானிய மூலை காலியா இருக்கணும்னு நீங்க வாஸ்து சொன்னதும், கட்டி முடிச்ச கக்கூஸை இடிச்சுட்டாரு. நாங்க இன்னும் பக்கத்து வீட்டுக்குத்தான் போறோம்.”