குழாய்த் தண்ணீர்
கால்நடை மருத்துவமனை மேசைமேல், பிளாஸ்டிக் டப்பாவில், மகள் வளர்க்கும் வெளிர் ரோஸ் நிற ஆக்ஸலாட்டில் என்ற பல்லிபோன்ற நீர்ப்பிராணி அசையாமல் கிடக்கிறது. தலையின் இருபுறமும் சிலிர்த்து நிற்க வேண்டிய செவுள்கள் சுருண்டுவிட்டன. முதுகுத் தோல் வெள்ளையாக உரிந்து ஈரத்தாள்போல் மிதக்கிறது. ஜன்னல் வெயில் அந்தத் தண்ணீரில் பட்டுச் சுவரில் நெளிகிறது. "என்ன தண்ணி ஊத்தினீங்க?" என்கிறார் டாக்டரம்மா. "குழாய்த் தண்ணிதான். சுத்தமான தண்ணி," என்று அப்பா சற்று மிடுக்காகவே சொல்கிறார். "அப்படியேவா ஊத்தினீங்க? அதுல குளோரின் இருக்குமே! நாம குடிச்சிடலாம், இது தோலாலயும் மூச்சு விடற ஜீவன். வெந்துபோயிருக்கு பாருங்க." அப்பாவின் வலது கை மெல்ல எழுந்து, சட்டைப்பையில் தைத்திருக்கும் குடிநீர் நிலைய முத்திரையை மூடிக்கொள்கிறது. விரலிடுக்கில் நீல நூல் கொஞ்சம் தெரிகிறது. அதையும் கட்டைவிரல் மறைக்கிறது. அழுதுகொண்டிருந்த மகள் மூக்கை உறிஞ்சியபடி நிமிர்கிறாள். "இல்ல டாக்டர், அதெல்லாம் இருக்காது. ஊர்த் தண்ணிக்கே எங்கப்பாதான் குளோரின் போடறாரு. அவருக்குத் தெரியாதா?" டாக்டரம்மா டப்பாவைப் பார்க்கிறார். அப்பாவும் அதையே பார்க்கிறார். "சொல்லுங்கப்பா," என்று மகள் அந்தக் கையைப் பிடித்து இழுக்கிறாள்.