புதுசு சாப்பிடலை

"முன்னாடி போய் நிக்காதீங்க. புதுசு பயந்துக்கும்."

மீன் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று பின்வாங்கினாள். திட்டு வாங்கினால் முகம் சுருங்க வேண்டும். இவளுக்கோ வாயெல்லாம் பல். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து, கணவரின் மகள் அவளிடம் முழுசாகப் பேசிய முதல் பேச்சே இதுதான்.

அப்பா மகளை 'வாலு' என்றுதான் கூப்பிடுவார். அம்மா போன பிறகு அந்த வால் சுருண்டுவிட்டது. பெயர் மட்டும் மிச்சம். பள்ளிக்கூடம் விட்டால் வீடு, வீட்டுக்கு வந்தால் மீன் தொட்டி. புதிதாக வந்தவளை 'சித்தி' என்று கூப்பிடச் சொல்லியிருந்தார் அப்பா. தலையை ஆட்டியதோடு சரி.

வந்தவள் தையல்காரி. எந்தத் துணியையும் எந்தத் துணியோடும் சேர்த்துவிடுவாள். இந்தப் பிள்ளையோடு தன்னைச் சேர்த்துக்கொள்ளத்தான் வழி தெரியவில்லை. பிள்ளை ஒட்டாத வீட்டில் நமக்கென்ன வேலை, அக்கா வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று பாத்திரம் கழுவும்போதெல்லாம் தோன்றும். நாக்கு செத்துக் கிடந்தது. சமையலறையில் நின்றபடியே ஏதோ இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள்.

இந்த நேரத்தில்தான் தெருமுனைக் கடையிலிருந்து அந்த வரி மீன் வந்து சேர்ந்தது. கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். வந்ததும் வராததுமாக மோட்டார் குழாய்க்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. சாயங்காலம் தீனி தூவினால் மற்ற மீன்கள் அடித்துப் பிடித்துத் தின்னும். இது மூக்கைக்கூட வெளியே நீட்டாது.

தையல்காரி மனசுக்குள் ஒரு திட்டம் போட்டாள். மீனைப் பிடித்தால் பிள்ளையைப் பிடித்த மாதிரி.

"சாப்பிடாமலே கிடந்தா என்னம்மா பண்றது?" என்று மெல்லப் பேச்சுக் கொடுத்தாள்.

"கடை மாமாகிட்டக் கேட்டுட்டு வர்றேன்" என்றாள் வாலு.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்குப் போவதும், மாமா சொன்னதை வீட்டில் வந்து ஒப்பிப்பதும் வழக்கமாயிற்று. புதுசாக வந்ததற்குப் பளிச்சென்ற வெளிச்சம் ஆகாதாம். ஹாலில் பெரிய விளக்கு அணைந்து, மூலையில் சின்ன விளக்கு எரிந்தது. பிறகு, ஒதுங்கிக்கொள்ள அதற்கென்று ஓர் இடம் வேண்டுமாம். தொட்டிக்குள் ஒரு குட்டிப் பானை இறங்கியது. அதோடு விட்டாளா? ஜன்னலோரம் பரப்பி வைத்திருந்த தன் படம் வரையும் சாமான்களை வாரிக் கட்டிவிட்டு, தையல் மெஷினை அங்கே கொண்டுபோகச் சொன்னாள். தொட்டிப் பக்கத்தில் அது கடகடத்தால் புதுசு மிரளுமாம். தையல்காரி மறுபேச்சு பேசாமல் மெஷினை இழுத்துக்கொண்டு போனாள். காற்று வந்தது, தெரு தெரிந்தது. மீன் புண்ணியத்தில் நல்ல இடம்தான்.

அடுத்து வந்ததுதான் வேடிக்கை.

"எல்லாரும் ஒண்ணா சாப்பிடணுமாம். மத்தவங்களைப் பாத்துத்தான் அதுவும் வருமாம்."

பஸ் ஓட்டிவிட்டு அலுத்து வந்திருந்த அப்பா, அப்படியானால் மீனுக்கும் ஒரு தட்டு வைத்துவிடலாமே என்றார். வாலு சிரிக்கவில்லை. மூன்று பேரும் தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள்.

"வற்புறுத்தக் கூடாதாம். சாப்பிடறப்ப உத்துப் பாக்கவும் கூடாதாம்" என்றாள்.

அப்பா அவசர அவசரமாகத் தொட்டியிலிருந்து கண்ணை எடுத்தார்.

அரை இருட்டில், யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்ததாலோ என்னவோ, பேச்சு தானாக வந்தது. அப்பா பஸ்ஸில் நடந்த சண்டையைச் சொன்னார். வாலு தன் டீச்சர் தும்முவதைத் தும்மிக் காட்டினாள். தையல்காரிக்குச் சிரித்துப் புரையேறியது. இப்படியே நாள்கள் நன்றாகத்தான் போயின. ஆனால் வரி மீன் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. சாயங்காலத் தீனிக்கு அது ஒரு நாளும் பானையை விட்டு வரவில்லை.

தையல்காரிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இந்த மீனைச் சாக்கு வைத்துத்தான் பிள்ளை பேசுகிறாள். இது மிதந்துவிட்டால் அந்தப் பேச்சும் போய்விடும். வாலு பள்ளிக்கூடத்தில் இருந்த நேரமாகப் பார்த்துக் கடைக்கு ஓடினாள்.

கடைக்காரர் ஒரு தொட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். யார் வீடு, என்ன மீன் என்று சொன்னதும் துணியைக் கீழே வைத்தார்.

"நேத்துதான் விசாரிச்சேன். அந்த வரி மீன் வந்த மறுநாளே சாப்பிட ஆரம்பிச்சிடுச்சாம்மா. தினம் காலையில வயிறு நிறையப் போட்டுட்டுத்தான் உங்க பொண்ணு ஸ்கூலுக்குப் போறாளாம். அப்புறம் சாயங்காலம் அதுக்கு எப்படிப் பசிக்கும்?"

"அப்ப, புதுசு சாப்பிடலைன்னு தினமும் உங்ககிட்ட வந்து கேட்டாளேண்ணே?"

"நானும் மீனுன்னு நினைச்சுத்தாம்மா சொல்லிட்டிருந்தேன். நேத்து வந்து, 'என் யூனிஃபார்ம்ல பிரிஞ்சிருந்த தையலைப் புதுசு போட்டுக் குடுத்துச்சு'ன்னா. எந்த மீனும்மா தையல் போடும்? அப்பதான் எனக்கு உறைச்சுது. 'இப்பல்லாம் எங்களோட உக்காந்து நல்லா சாப்பிடுது, இனிமே எங்களை விட்டுட்டுப் போயிடாதில்ல மாமா?'ன்னு கேட்டுட்டு நின்னா."