ஒரு முழம் நீலம்

இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

அவள் குளியலறை முக்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கூந்தலின் நுனியில் ஒரு முழத்துக்கு நீலச் சாயம். அதன்மேல் சப்பாத்தி சுற்றுகிற வெள்ளித்தாள். கைகளில் ரப்பர் உறை.

நாளைக் காலை ஐந்தரை மணிக்குப் பழனிக்குப் பஸ்.

மத்தியானத்துக்குள் இந்த முடி அவள் தலையில் இருக்காது.

அந்தத் தைரியத்தில்தான் இறங்கிவிட்டாள். கல்லூரியில் ஆசைப்பட்டபோது அப்பா முறைத்தார். கல்யாணமான புதிதில் ஆசைப்பட்டபோது வீட்டுக்காரர் சிரித்தார். முறைப்பைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பிறகு குழந்தை பிறந்தது, ஏழாம் மாதத்திலேயே. பதினெட்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. அவள் வெளியே நின்று வேண்டிக்கொண்டாள். பாப்பாவைக் கொடுத்துவிடு முருகா, ஐந்து வருஷம் கத்தரி படாமல் வளர்த்து முழு முடியையும் உனக்கே தருகிறேன்.

கொடுத்துவிட்டான்.

அன்றிலிருந்து அது அவள் முடி இல்லை. எண்ணெய் தேய்த்தாள், சிக்கெடுத்தாள், அடுத்த வீட்டுக்காரர் விட்டுப்போன பொருளைப்போல் பத்திரமாக வைத்திருந்தாள்.

போன வாரம் நுனியை மட்டும் வெளுக்க வைத்தாள். வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் கொண்டைக்குள் சுருட்டி மறைத்தாள். இன்றைக்கு நீலம். ஒரே ஒரு சாயங்காலம் விரித்துப்போட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டால் போதும். நாளைக்கு எப்படியும் போகிற முடிதானே. வீட்டுக்காரர் கேட்டால் சொல்ல இந்தப் பதில் தயாராக இருந்தது.

முருகன் கேட்டால் சொல்லத்தான் ஒன்றும் இல்லை.

சாமிக்கு வைக்கிற பூவை முகர்ந்து பார்த்ததற்காகச் சின்ன வயதில் புறங்கையில் அடி வாங்கியவள் அவள். இன்று முகர்வதோடு நிற்கவில்லை. பூவுக்குப் பெயிண்டே அடித்துவிட்டாள்.

ஒரு பெண் சூடிக் கழற்றிய மாலையைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டவன் மாமன் பெருமாள். மருமகன் முருகன் அப்படியில்லை. ஒரு பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறியவன்.

எழுந்து குளியலறைக் கதவைச் சாத்தினாள். திறந்திருந்தால் ஹாலில் மாட்டியிருக்கும் முருகன் காலண்டர் நேராகத் தெரிகிறது.

பதினான்கு நிமிடம்.

போன் அடித்தது. ஸ்கூல் வேன் டிரைவர்.

"அக்கா, பாப்பா வேன்ல வாந்தி எடுத்துருச்சுங்க."

"ஐயோ. காய்ச்சல் அடிக்குதா?"

"தெரியலைங்க. வாந்திதான் நீலமா இருக்குது. எனக்கே பயமாயிருச்சு. வந்துட்டே இருக்கறோம், கீழ வந்து நில்லுங்க."

அவள் தன் கையைப் பார்த்தாள். உறை முழுக்க நீலம்.

முருகா, கழுவிடறேன். இப்பவே கழுவிடறேன். என்னை என்ன வேணா பண்ணிக்கோ. அவளை விட்டுடு.

வெள்ளித்தாளைப் பிய்த்து எறிந்தாள். குழாயடியில் குனிந்தாள். ஷாம்பு போட்டாள். சீயக்காய் போட்டாள். கடைசியில் துணி சோப்பை எடுத்து முடியில் வைத்துத் தேய்த்தாள். தண்ணீர் நீலமாக ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. முடி மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. கழுவக் கழுவப் பளிச்சென்று ஆனது.

எட்டுக் குளியலில் போய்விடும் என்று டப்பாவில் போட்டிருந்தது. வாங்கும்போது அதுதான் தெம்பாக இருந்தது.

கீழே ஹாரன் சத்தம்.

டவலைத் தலையில் சுற்றிக்கொண்டு செருப்பில்லாமல் இரண்டு மாடி இறங்கி ஓடினாள். எந்தப் படியிலும் கால் பாவியதாக நினைவில்லை.

டிரைவர் அசடு வழியச் சிரித்துக்கொண்டு நின்றார்.

"பயந்துராதீங்கக்கா. மிஸ்ஸுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டனுங்க. கிளாஸ்ல யாருக்கோ பர்த்டேவாமா. நீலக் கிரீம் கேக்கு. பாப்பா ஆசைப்பட்டு மூணு துண்டு தின்னுருக்குது."

பாப்பா நாக்கை நீட்டிக் காட்டினாள். அடிநாக்கு வரை நீலம்.

அவள் குழந்தையின் நெற்றியைத் தொட்டாள். கழுத்தைத் தொட்டாள். சட்டைக்குள் கைவிட்டு முதுகைத் தொட்டாள். எங்கும் சூடில்லை. அப்படியே இடுப்பில் தூக்கிக்கொண்டு படியேறினாள்.

ஹாலில் குழந்தையை இறக்கிவிடக் குனிந்தபோது டவல் அவிழ்ந்து விழுந்தது.

ஈர முடி முன்னால் சரிந்து தரையைத் தொட்டது. ஒரு முழம் நீலம். பார்த்ததும் அவளுக்கே மூச்சு நின்றது. இவ்வளவு அழகாக வரும் என்று நினைத்திருக்கவில்லை.

பாப்பா முடியைப் பார்த்தாள். நாக்கை நீட்டி, கண்ணைத் தாழ்த்தி, நுனியைப் பார்த்துக்கொண்டாள். மறுபடியும் முடியைப் பார்த்தாள்.

"அம்மா, நீயும் ஆசைப்பட்டுத் தின்னுட்டியா?"

"கொஞ்சூண்டுதான்" என்றாள். சொல்லும்போது அவள் பார்த்தது காலண்டரை.

அவன் சிரித்த முகமாகத்தான் இருந்தான். எப்போதும் அப்படித்தான் அச்சடிக்கிறார்கள்.