கம்பத்து ஆப்பிள்

"உன் கை நடுங்கி நான் பார்த்ததே இல்லை. இன்னைக்கு அவ வீட்டு வாசல்ல மட்டும் ஏன்யா நடுங்குச்சு?"

தேசங்கா போட்ட சத்தம் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டிருக்கும். அவள் கணவன் மிலூன் வலது காலைத் தலையணைமேல் போட்டபடி கட்டிலில் சாய்ந்திருந்தான். டாக்டரம்மா அவன் பாதத்துக் காயத்தை உப்புநீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

செர்பியாவில் எங்கள் மலைப்பக்கத்துக் கல்யாணம் என்றால், பெண் வீட்டு முற்றத்தில் ஒரு நெட்டைக் கம்பம் நிற்கும். அதன் உச்சியில் கட்டிய ஆப்பிளை மாப்பிள்ளை வீட்டார் சுட்டு வீழ்த்தினால்தான் பெண் வெளியே வருவாள். இன்று மாப்பிள்ளை, மிலூனின் சித்தப்பா மகன். பெண் யெலித்ஸா, ஒரு காலத்தில் மிலூனுக்கே பேசி முறிந்துபோன பெண்.

தேசங்காவின் வயிற்றெரிச்சலுக்கு வேறு என்ன வேண்டும்?

ஓடுகிற முயலைக்கூடத் தப்ப விடாதவன் என்று பேர் எடுத்த மிலூன் மூன்று முறை சுட்டான். மூன்றும் ஆகாயத்துக்குப் போயின. நான்காவது ரவைத் தோட்டாவைத் துப்பாக்கியில் போட்டு மூடும்போது விரல் தவறி விசையில் பட்டது. முற்றத்துக் கல்லில் தெறித்த ஈய ரவைகள் அவன் பாதத்தில் பாய்ந்தன.

"கல்லுல பட்டுத் தெறிச்சதால தப்பிச்சீங்க. நேரா பாய்ஞ்சிருந்தா பாதமே போயிருக்கும்," என்றார் டாக்டரம்மா. "இப்போ தையல் போட மாட்டேன். உள்ளே அழுக்கு இருந்தா சீழ் வெச்சிடும். மேல துணி மட்டும் சுத்தறேன்."

"காலுக்குத் துணி சுத்துவீங்க. இந்த ஆளு மனசுக்கு என்னத்தைச் சுத்துவீங்க?" என்றாள் தேசங்கா.

"பிளம் சாராயம் கொஞ்சம் ஏறிடுச்சு தேசா. அவ்வளவுதான்," என்றான் மிலூன்.

"ஒரு மடக்குகூட நீ குடிக்கலை. நான்தான் உன்னையே பார்த்துட்டிருந்தேனே! அவ சன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தா. நீ அண்ணாந்து வாயைப் பொளந்துட்டு நின்ன. ஊரே பார்த்துச்சு."

டாக்டரம்மா டெட்டனஸ் ஊசியைப் போட்டுவிட்டு, மேசைமேல் இருந்த பழுப்பு உறையை எடுத்துக்கொண்டு வந்தார். "எக்ஸ்ரே வந்தாச்சு. எலும்புல அடி இல்லை. சில ரவை மட்டும் ஆழமா இருக்கு, அதைத் தோண்டாம விடறதுதான் நல்லது. இதோ பாருங்க…"

"ஆமா, பளிச்சுன்னு தெரியுது," என்று தலையாட்டினான் மிலூன்.

படம் இன்னும் உறைக்குள்ளேயே இருந்தது.

"பார்த்தீங்களா! உடம்பு இங்க, நினைப்பு அங்க!" தேசங்கா கொதித்தாள். யெலித்ஸாவின் வெள்ளை உடையும் அந்தச் சிரிப்பும் அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை. தன்னை ஒருநாளாவது இந்த ஆள் அப்படிப் பார்த்திருக்கிறானா?

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. ஆப்பிள் விழுந்தா அவ போயிடுவாளேன்னுதானே தப்பவிட்ட? ஆமான்னு சொல்லு, இப்பவே எங்கண்ணன் வீட்டுக்குக் கிளம்பிடறேன். அப்புறம் நீ கால்ல விழுந்தாலும் வர மாட்டேன்."

மிலூன் போர்வை நுனியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"அப்படியே வெச்சுக்கோ," என்றான் கடைசியில். "போறதுன்னா போ தேசா. உனக்கு அதுதான் நல்லது."

அவள் முகம் செத்துப்போயிற்று. கைப்பையைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள், அறைந்து சாத்தினாள். ஆனால் வெளியே போகக் கால் வரவில்லை. உள்பக்கமாகவே கதவில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அவனையே பார்த்தபடி நின்றாள்.

மிலூனும் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன அறை, இருவருக்கும் நடுவே நாலெட்டுகூட இருக்காது.

டாக்டரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவன் மெதுவாகக் கேட்டான்:

"டாக்டரம்மா, தேசங்கா போயிட்டாளா?"