மூன்றாம் பாத்தியின் மட்டம்

சரிவான பள்ளித் தோட்டத்தில் படிப்படியாகப் பாத்தி கட்டிக்கொண்டு வந்த மண்வெட்டி, மூன்றாம் படியில் மாட்டிக்கொண்டது. வானம் வேறு கறுத்துக் கிடந்தது. மழைக்குள் பாத்தியை மட்டமாக்காவிட்டால், கீழ்ப் படிகளில் விதைத்த வெண்டையெல்லாம் தண்ணீரோடு போய்விடும்.

வயிற்றில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு, இரண்டு முனையிலும் அது நிற்கும் உயரத்தை வைத்து மட்டம் பார்க்க வந்த தண்ணி டியூப் விடுவதாக இல்லை.

"அக்கா, இடப்பக்கம் ரெண்டு விரக்கடை ஏத்தம்."

மண்வெட்டி வெட்டி இறக்கியது.

"இப்போ வலப்பக்கம் ஏத்தம்க்கா."

அதையும் இறக்கியது. ஐந்தாவது தடவை அதற்குப் பொறுமை போயிற்று. "அடேய், நான் பாத்தி கட்டுறேனா, ஊஞ்சல் ஆட்டுறேனா?"

"என்னைக் கோவிச்சு என்ன பண்ண? வேலையில சுத்தம் வேணும்."

கல் இடுக்கிலிருந்த தேரை எட்டிப் பார்த்தது. "தம்பி, உன் வயித்துக்குள்ள கோலிக்குண்டு கணக்கா ஒரு காத்துக்குமிழி அங்கயும் இங்கயும் ஓடுதே, அது என்ன?"

டியூப் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தது. காலையில் அவசர அவசரமாகத் தண்ணீர் குடித்தது அதற்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. குமிழி இருந்தால் மட்டம் தப்பாகக் காட்டும்.

மண்வெட்டி அதைக் கவிழ்த்துக் கொட்டி, நிதானமாகத் தண்ணீர் நிரப்பிப் பார்த்தது. டியூப் வருவதற்கு முன் முதல்முதலில் வெட்டிய மட்டத்தின் மண்கறை இன்னும் ஓரக்கற்களில் இருந்தது. இரண்டு முனையிலும் தண்ணீர் அச்சாக அந்தக் கறையிலேயே வந்து நின்றது.

முதல் தூறல் விழுந்தது. மண்வெட்டி பல்லைக் கடித்துக்கொண்டு, வெட்டித் தள்ளிய மண்ணையெல்லாம் திரும்ப வாரிப் போட்டது.

"பார்த்தியாக்கா," என்றது டியூப். "நான் மட்டும் இல்லேன்னா முதல் மட்டமே சரின்னு எப்படிக் கண்டுபிடிச்சிருப்பே?"